கப்பல் நிறத்தில் ஒரு பாலன் குடில்

மண்ணெண்ணெய் நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது... அதைப் போட்டு எவ்வளவு தேய்த்தும் இடது காதில் ஒட்டிய சாம்பல் நிறப் பெயின்ற் போகவில்லை. அந்தக் காதோடுதான் அந்த வருஷ நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பூசைக்குப் போனேன். பக்கத்து வாங்கில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை எனக்கு. படிப்பு ஏறாதவனுக்குக் கிடைத்த உத்தியோகம். குண்டு விழுந்த பிறகு ஊர் பாதி காலி. நானும் மனைவி பிலோமினாவையும் மகள் லில்லியையும் கடலுக்கு அக்கரையில், தோப்பூரில் மச்சான் வீட்டில் விட்டிருந்தேன்.

மார்கழி மழை. கடல் சரியில்லை, நத்தாருக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அனுப்பிவிட்டு, வந்தாலும் வருவார்கள் என்று குடிலும் கட்டினேன்... பழைய மண் பொம்மைகள் நிறம் போய்க் கிடந்தன. கையில் இருந்தது டின்னின் அடியில் மிஞ்சிய கப்பல் பெயின்ற் மட்டும். ஆடு, மாடு, மூன்று ராசாக்கள், சூசையப்பர், எல்லாரும் ஒரே சாம்பல். யேசு பாலனுக்கு மட்டும் பூச மனம் வரவில்லை.

இரவில் வெளிச்சம் தெரியக்கூடாதென்ற இருட்டடிப்புச் சட்டத்தால் நடுச்சாமப் பூசையைப் பின்னேரமே வைத்து முடித்தார்கள். வீட்டுக்கு வந்தால், வாசலில் நனைந்த சீலையோடு பிலோமினா, இடுப்பில் லில்லி. மூதூரில் வள்ளம் ஏறி வந்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் ஏசினேன்.

"பாலனை வைக்க வீட்டில சின்னப்பிள்ளை வேணுமெல்லே" என்றாள்.

உண்மைதான். பாலனை வைக்கோலில் கிடத்துவது எங்கள் வீடுகளில் கடைக்குட்டியின் உரிமை.

யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, விளக்கை பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி வைத்தோம். லில்லி பாலனைக் கையில் பிடித்தபடி குடிலையே பார்த்தாள்.

"அப்பா, மாடு ஏன் கப்பல் மாதிரிக் கிடக்கு?"

பிலோமினா சிரிக்கவில்லை. "பாலன் பிறந்தது மேலால பறக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு அப்பா பூசியிருக்கிறார், பிள்ளை."

கூப்பனுக்குக் கிடைத்த மாவில் றொட்டி, கொஞ்சம் சர்க்கரை. மூன்று பேரும் ஒரே பாயில். மழை பெய்தால் விமானம் வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது விடாமல் பெய்யவேண்டும் என்று பாலனிடம் கேட்டுக்கொண்டேன்...

விடிந்ததும் மழை விட்டுவிட்டது. திருப்பி அனுப்பக் கூட்டிப்போன இறங்குதுறையில் பிலோமினா என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நாங்களும் இஞ்சயே இருக்கட்டே? குண்டு விழுந்தால் மூண்டு பேரிலயும் விழட்டும்."

"விசர்க் கதை கதையாதை. திரும்ப மழை வர முதல் ஏறு."

ஏறினாள். வள்ளம் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

யுத்தம் முடிந்து, பிலோமினாவோடு எத்தனையோ நத்தார் கொண்டாடினேன். இப்போது அவள் இல்லை. ஊரெல்லாம் கலர் பல்ப், வெடிச்சத்தம். லில்லி பிள்ளைகளோடு வந்து, மறுநாளே பஸ் ஏறுகிறாள். மழைக்கு முதல் போ பிள்ளை என்று நானே பையைத் தூக்கிக் கொடுக்கிறேன்.

போகாதை, இரு... அன்றைக்குத் தாய்க்கும் சொல்லவில்லை. இன்றைக்கு மகளுக்கும் வாய் வருகுதில்லை.