சுபாரி கொடுத்த அப்பன்

அக்கா மகள் நிச்சயத்துக்குப் பாக்கு வாங்கப் போன வாரம் தாதர் மார்க்கெட் போயிருந்தேன். கொட்டைப்பாக்கு மூட்டையின் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதுமே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரன் தராசைப் பிடித்தபடி, "சுபாரி கிஸ்கே லியே?" என்றான். பாக்கு யாருக்கு என்று கேட்கிறான், பாவம். நானும் யோசிக்காமல், அக்கா மகளுக்கு என்று இந்தியில் சொல்லித் தொலைத்தேன். பக்கத்தில் ஏலக்காய் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

விஷயம் என்னவென்றால், இந்தியில் சுபாரி என்றால் பாக்கு. ஆனால் பம்பாயில் சுபாரி கொடுப்பது என்றால் ஆள் வைத்துக் கொல்லச் சொல்வது. நம் பக்கம் பாக்கு மாற்றினால் கல்யாணம், இங்கே பாக்குக் கொடுத்தால் கருமாதி. இதில்தான் என் சிநேகிதன் மைதீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசமாக மாட்டிக்கொண்டான்.

எண்பதுகளில் நாங்கள் இரண்டு பேரும் தாராவியில் தோல் பைப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தோம். அவன் தோல் வெட்டுவான், நான் தைப்பேன். நேராகத் தைப்பேன் என்று சொல்லவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு வீடியோ ஹால் இருந்தது. ஹால் என்று பேர்தான். தகரக் கூரை, ஒரு டிவி, நாலைந்து பெஞ்சு, தோலும் பசையும் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம். ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் படம். நம் ஆட்கள் கொஞ்சம், மற்றபடி உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்துத் தொழிலாளிகள். அவர்களுக்காக மைதீன் டிவி ஓரமாக நின்று வசனத்தை இந்தியில் சொல்லுவான். கதாநாயகி அழுதால் இவனும் அழுவான். அப்படி ஒரு ஈடுபாடு.

அந்தச் சமயத்தில் அவனுக்கு சமீமாவைப் பெண் கேட்டிருந்தோம். பம்பாயிலேயே சீத்தா கேம்ப் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். தூது போனவன் நான்தான். அவள் வாப்பா பதிலே சொல்லவில்லை. வீடியோ ஹாலில் நின்று கத்துகிற பையனாமே என்று மட்டும் கேட்டார். மைதீன் சாப்பாட்டைக் குறைத்தான், தோலைக் கோணலாக வெட்டினான், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இவள் கிடைக்காவிட்டால் கடையநல்லூருக்கே திரும்பிப் போகிறேன் என்று என் உயிரை எடுத்தான்.

அன்றைக்குப் போட்டது ஒரு துப்பறியும் படம். பேர் ஞாபகமில்லை, கேசட்டில் ஒட்டியிருந்த காகிதமே பாதி கிழிந்துதான் இருந்தது. எடுத்தவர்களுக்குக் கையில் காசு இல்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்தது. துப்பறிகிறவர் மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்ற நடக்கிறார். கோட்டு வாடகைக்கு எடுத்தது போல, கழற்றவே இல்லை. செத்துக் கிடந்த பெண் ஈயை விரட்டினாள். கதை என்னவென்றால், நிச்சயமான பெண்களாகப் பார்த்து எவனோ வரிசையாகக் கொல்கிறான். கையுறை போட்ட கை மட்டும்தான் காட்டுவார்கள்.

துப்பறிகிறவர் விரலை ஆட்டி, "எந்த வீட்டில் பாக்கு மாற்றுகிறார்களோ, அங்கேதான் அடுத்த கொலை" என்றார். மைதீன் கொஞ்சமும் தயங்காமல், எந்த வீட்டில் சுபாரி கொடுக்கிறார்களோ அங்கே அடுத்த கொலை என்று இந்தியில் போட்டான். அடுத்த காட்சியில் பெண்ணின் அப்பா சிரித்த முகமாகத் தாம்பாளத்தை நீட்டுகிறார். ஹாலே கொதித்துவிட்டது. பெற்ற மகளைக் கொல்ல இந்தக் கிழவனே சுபாரி கொடுக்கிறானே என்று பெஞ்சில் ஏறி நின்றார்கள். மைதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிச்சயதார்த்தம், நிச்சயதார்த்தம் என்று கத்திப் பார்த்தான். எவன் கேட்கிறான்?

இந்தக் களேபரத்தில் தற்செயலாகத் திரும்பினால், கடைசி பெஞ்சில் சமீமாவின் வாப்பா. மாப்பிள்ளையின் லட்சணத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்திருக்கிறார். மைதீனுக்குக் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். குரல் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த மடையன் இன்னும் உரக்கப் பேசினான்.

கடைசியில் கொன்றவன் கல்யாண போட்டோ எடுக்கிறவன் என்று தெரிகிறது. அவன் அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுக்கிறான். ஹாலில் ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாப் கோ பக்டோ, அப்பனைப் பிடி" என்று கத்திக்கொண்டு டிவியை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். ஹால்காரர் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைதீன் வாக்குமூலத்தையே மாற்றினான். நான் வெறும் கூலிக்காரன் சாப், சுபாரி கொடுத்தது அப்பன்தான் என்று கண்ணீரோடு சொன்னான். கைதட்டல் தகரத்தைப் பிய்த்தது. திரையில் துப்பறிகிறவர் அந்த அப்பாவை அணைத்து ஆறுதல் சொல்ல, கிழவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகிறார் என்று முடித்துவைத்தான்.

வெளியே வாப்பா நின்றிருந்தார். மைதீன் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் போட்டாக்காரன்தான தம்பி கொன்னான்?"

"ஆமா மாமா."

"பொம்பளப் புள்ளயப் பெத்தவன் மேல ஏன் பழியப் போட்டிய?"

டிவியை உடைத்திருப்பார்கள் என்று மைதீன் முணுமுணுத்தான். அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"வார ஞாயித்துக்கெழம பாக்கு மாத்த வாங்க. அத மட்டும் ஒருத்தன்கிட்டயும் இந்தில சொல்லிராதிய."

அந்த ஹால் இருந்த இடம் இப்போது செல்போன் உறை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. கேசட் எந்தக் குப்பையில் போயிற்றோ, அந்தப் படம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வாப்பா போய் வெகுகாலமாகிறது. மைதீனும் போன மழைக்காலத்தில் போய்விட்டான். அதை விடுங்கள்.

அக்கா மகள் நிச்சயத்துக்கு அழைக்க சீத்தா கேம்ப் போனேன். சமீமா டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தது. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்பது போலக் கேட்டது.

"அண்ணே, அந்தப் படத்துல நெசமாவே கொல்லச் சொன்னது பொண்ணோட வாப்பாதானா? எங்க வீட்டுக்காரவுக சாவுற வரைக்கும் அப்படித்தான் அடிச்சுச் சொன்னாக. எங்க வாப்பாட்ட கேட்டா சிரிப்பாக, வாயத் தொறக்க மாட்டாக."

யோசித்துப் பார்த்தால், அந்தக் கதை தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான்.

"அப்பன்தாம்மா," என்றேன். "நானும்தான் பாத்தேன்."