பூட்டிவைத்த சூடு

கிளட்ச் மிதிப்பதும் தெரியாது, கியர் விழுவதும் கேட்காது. அவள் ஓட்டும் வண்டியில் தூங்கிப்போனவர் வீட்டு வாசலில்தான் கண் விழிப்பார். அவளுக்குக் கியரக்கா என்று பெயர். முதலில் அது கேலிப்பெயராகத்தான் இருந்தது. ரொட்டி ஏற்றும் வேனுக்கு அவள் டிரைவராக வந்தபோது, பொம்பளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று சிரித்த ஆண்கள் வைத்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எங்காவது இடித்துவிட்டு வந்து நின்றார்கள். அவள் இடிக்கவில்லை. கேலி உதிர்ந்தது, பெயர் நிலைத்தது.

அம்மா இறந்தபோது தம்பிக்குப் பால்பல் கூட விழவில்லை. அவனை ஆளாக்குவதற்குள் அவளுடைய கல்யாண வயது சொல்லிக்கொள்ளாமல் கடந்துபோனது. அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலுக்குப் போனான். ஏணி உச்சியில் நின்று பாட்டுப் பாடுவான். ஒரு வருஷம் கால் வீங்கியது, முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்றார் டாக்டர். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு.

"எனக்குத் தண்ணியில கண்டம்னு சின்ன வயசுல எவனோ சொன்னான்ல? நீ என்னைக் குளத்துப் பக்கமே விடல. இப்பப் பாரு, கண்டம் டம்ளர்ல வந்து நிக்குது" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

அவனுக்காகவே அவள் ரொட்டி வேனை விட்டுவிட்டு, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்தில் சேர்ந்தாள். தம்பி, தையல்காரம்மா, ஓய்வு பெற்ற தபால்காரர் மூவரும் அவள் வண்டியின் நிரந்தரப் பயணிகள்.

அந்த மலையூரில் குளிர்காலம் தொடங்கும்போது அவளுக்குப் புது வேன் கொடுத்தார்கள். மற்ற வண்டிகளில் ஹீட்டரைக் கையால் திருக வேண்டும். இதில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான். இருபத்திரண்டு டிகிரி என்று வைத்துவிட்டால் வண்டியே உள்ளே இருக்கும் சூட்டை அளந்து பார்த்து, என்ஜின் வெந்நீர்க் குழாயிலிருந்து எவ்வளவு சூடு எடுப்பது, வெளிக்காற்றை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்துகொள்ளும். விலை உயர்ந்த சாமான். கண்ட கையும் படக் கூடாது என்று மேனேஜர் அந்தப் பொத்தான்கள் முழுவதையும் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் மூடியால் மூடிப் பூட்டச் சொன்னார். சாவி அவரிடம் ஒன்று, பட்டறை ஃபோர்மேனிடம் ஒன்று. ஓட்டுகிறவளிடம் இல்லை.

அந்த வாரமே வம்பு ஆரம்பித்தது. கிளம்பும்போது இதமாக வரும் காற்று, கடைவீதி தாண்டுவதற்குள் பச்சைத் தண்ணீர் போல ஆகிவிடும். வெளியே புல்லெல்லாம் உறைந்து கிடக்கும். மூடிக்குள்ளே இருபத்திரண்டு என்ற எண் மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

நமக்கு அது குளிர். டயாலிசிஸ் முடித்து வருகிறவர்களுக்கு அது சித்திரவதை. உடம்புக்கு வெளியே போய்ச் சுற்றி வரும் ரத்தம் தன் சூட்டையும் வழியில் விட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. தம்பிக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும். கம்பளி போர்த்துவாள், காற்று கால் வழியாக ஏறும்.

"இது ராசியில்லாத வண்டிம்மா" என்றாள் தையல்காரம்மா.

"ராசி என்னம்மா பண்ணும்? ஏதோ ஒரு காரணம் இருக்கு. எனக்கு இன்னும் புரியல, அவ்வளவுதான்."

வண்டியைப் பட்டறையில் விட்டாள். ஃபோர்மேன் மூடியைக் கழற்றி, கருவியை மாட்டிப் பார்த்தார். வெந்நீர்க் குழாய் இரண்டும் சுட்டன. காற்றைத் திருப்பும் கதவு சரியாகத் திறந்து மூடியது. வண்டியை நிறுத்தியே வெகுநேரம் ஓடவிட்டார், உள்ளே வியர்த்தது. மூடியைப் பூட்டி, 'பழுது இல்லை' என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் மறுபடியும் அதே குளிர். மறுபடியும் பட்டறை, மறுபடியும் வியர்வை. மூன்றாம் தடவை அவளைப் பார்த்ததுமே சிரித்தார்கள்.

சாவியாவது கொடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றாள்.

"ஆட்டோன்னா என்ன அர்த்தம்? அதுவே பாத்துக்கும்னு அர்த்தம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நான் ஆட வரல சார், ஓட்ட வந்தேன். நீங்களே ஒரு தடவை உக்காந்து பாருங்க. பின்னாடி சீட்டுல, கடைசி வரைக்கும்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

கல்லைக் கும்பிடுகிறவனிடமாவது வாதாடலாம். கல் பேசாது என்று அவனுக்கே உள்ளூரத் தெரியும். எண்ணைக் கும்பிடுகிறவனிடம் என்ன பேசுவது? இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறதே, நடுங்குகிற உடம்பு பொய்தானே சொல்ல வேண்டும். ஊரில் அநியாயம் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது.

அன்று மாலை தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்: "இனிமே நான் வரலக்கா."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ஊசி குத்துறதத் தாங்கிடுவேன். அந்த வண்டிய என்னால தாங்க முடியல."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நுரையீரலில் தண்ணீர் ஏறும். பிறகு அதிக நாள் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு தடவை வாடா. சூடு வரலைன்னா அப்புறம் உன் இஷ்டம். வந்துச்சுன்னா நீ வந்துதான் ஆகணும். வாக்குக் கொடு."

"சூட்டை எங்கேர்ந்து கொண்டு வருவ? மடியில கட்டிக்கிட்டா?"

"வாக்குக் கொடுடா."

கொடுத்தான். அவள் முகத்துக்காகக் கொடுத்தான்.

மறுநாள் திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் ஏறும்போது கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நடுக்கம்கூட நின்றுவிட்டது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வண்டியை ஓரம் கட்டினாள். சீட்டுக்கு அடியிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்து மூடியின் மேல் ஓங்கி அடித்தாள். பிளாஸ்டிக் சிதறியது. ஆட்டோவை அணைத்து, சூட்டை உச்சத்துக்கு ஏற்றலாம் என்று விரல் கொண்டுபோனாள்.

விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே காற்று மாறியது. முதலில் வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு. அவள் எதையும் தொடவே இல்லை.

வீடு போய்ச் சேர்வதற்குள் தம்பி கண் திறந்தான். "என்னக்கா, வண்டியை அடிச்சாத்தான் கேக்குமா?"

அவளுக்கு இரவெல்லாம் அதே யோசனை. விடிந்ததும் வண்டியை ஓடவிட்டு, பொத்தான்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் நக அகலத்துக்கு ஒரு சின்னச் சல்லடை இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். கொஞ்ச நேரத்தில் காற்று குளிர்ந்தது. கையை எடுத்தாள். சூடு திரும்பி வந்தது. மறுபடி மூடினாள், மறுபடி குளிர். சந்தேகம் தீர்கிறவரை செய்து பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் ஃபோர்மேன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்தச் சல்லடைக்குப் பின்னாடிதான்மா உள்ளே எவ்வளவு சூடுன்னு அளக்குற கருவி இருக்கு. சின்ன விசிறி ஒண்ணு அது வழியாக் காத்தை இழுக்கும். மூடி போட்டா வண்டிக் காத்து எப்படி வரும்? பக்கத்துல இருக்குற ரேடியோவோட சூடுதான் மூடிக்குள்ளயே சுத்தும். உள்ள வெந்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சு வெளிக்குளிரைத் திறந்து விட்டிருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழட்டிட்டுல்ல பாத்தேன்!"

"இதை அப்படியே மேனேஜர்கிட்டச் சொல்லுங்க."

ஃபோர்மேன் கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மூடி போடச் சொன்னதே அவருதானேம்மா."

மேனேஜர் அறையில் அவள் சொன்னாள். சுவரோரம் நின்ற ஃபோர்மேன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனச் சொத்தை உடைத்ததற்காக அவளை வண்டியிலிருந்து இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் புது மூடி வந்துவிட்டது. ஆட்களுக்கு இல்லாத அவசரமெல்லாம் மூடிகளுக்கு உண்டு.

"என்னால உன் வேலையும் போச்சு" என்றான் தம்பி. "இப்பவாவது விட்டுடுக்கா."

"சூடு வந்துச்சா இல்லையா?"

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"வாக்கு வாக்குதான். சட்டையைப் போடு."

சிகிச்சை நாளன்று அவள் தம்பிக்குத் துணையாக முன்சீட்டில் ஏறினாள். புது டிரைவர் கல்யாணமாகிக் கைக்குழந்தை உள்ள பையன். அவளை நேராகப் பார்க்கவே கூச்சப்பட்டான். திரும்பி வரும்போது கடைவீதி தாண்டியதும் குளிர் வந்தது.

"அந்த மூடியைக் கழட்டிடுப்பா" என்றாள்.

"அக்கா, சத்தியமா எனக்குப் புரியுது. ஆனா என் வேலை போயிடும்க்கா."

அவள் உடைத்தாலும் பழி அவன் தலையில்தான் விழும். ஒருவன் சோற்றைப் பிடுங்கித்தான் இன்னொருவன் உயிரைக் காப்பாற்ற வேண்டுமா? பின்னால் தம்பியின் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. அவளால் செய்யக்கூடியது இனி ஒன்றும் இல்லை.

"வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

கம்பளியை உதறிவிட்டு, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துத் தம்பி முன்னால் வந்தான். கையில் அவனுடைய பழைய பட்டித் தகடு. சுவரில் காய்ந்த பெயிண்டைச் சுரண்டி எடுக்கிற அதே தகடு. மூடியின் விளிம்பில் செருகி மெல்ல நெம்பினான். பூட்டு பூட்டியபடியே இருக்க, மூடி முழுசாகப் பெயர்ந்து வந்தது.

"மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லு, நோயாளி கழட்டினான்னு. என்னை எந்த வேலையிலேர்ந்து எடுப்பாரு?"

"நான் கூடவே பிடிச்சுக்கிட்டேன்னும் சொல்லு" என்றார் தபால்காரர், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

தையல்காரம்மா கையை நீட்டி மூடியை வாங்கித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "பட்டன் போட்டு வைக்க ஆகும். இன்னொண்ணு மாட்டினா அதையும் குடுங்க, நூல்கண்டுக்கு ஆகும்."

காற்று மாறியது. தம்பி தகட்டைக் கம்பளியில் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"நாளன்னைக்கும் வரணும் போலயே" என்றான். "தையல்காரம்மாவுக்கு இன்னொரு மூடி வேணுமாம்."

புது டிரைவர் வண்டியை எடுத்தான். கியர் கரகரவென்று விழுந்தது. முன்சீட்டில் கியரக்காவின் இடது கால், கிளட்ச் இல்லாத தரையைத் தானாக மிதித்தது.