மேட்டுக்குள் போன தண்ணீர்

மஸ்கெலியாவில் தண்ணீர்ப் பஞ்சம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கீழே நீர்த்தேக்கம், மேலே மழை, நடுவில் பனி. எங்கள் வீட்டு டேங்கில் மட்டும் பொழுது சாய்வதற்குள் சொட்டுத் தண்ணீர் இருக்காது. காலையில் மலையிலிருந்து வந்து நிரம்பும். யாரும் குளிக்காமலே காலியாகிவிடும்.

"தண்ணி மாயமா போகுமாங்க? பைப்பு எங்கயோ ஒடைஞ்சு மேட்டுக்குள்ளதான் எறங்குது," என்றாள் மனைவி.

எங்கள் சமையலறை நிற்பது மண்மேட்டின் விளிம்பில். நேர் கீழே, தனியாக வாழும் அக்கா ஒருவரின் வீடு. மேடு ஊறிச் சரிந்தால் எங்கள் அடுப்பு அவர் கூரைமேல்தான் போய் உட்காரும்.

கத்தாரில் இருக்கும் மச்சானிடம் புலம்பினேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினான். பிஸ்கட் அளவில் வெள்ளை வட்டம். ஈரம் பட்டால் கத்தும், போனுக்கும் செய்தி அனுப்பும். சமையலறை மூலையில் வைத்தோம். கத்தியது. துடைத்து வைத்தோம். மறுபடியும் கத்தியது. ஜன்னலில் பனி நுழைந்தாலும் கத்தல், சோறு வடித்தாலும் கத்தல். ஈரமில்லாத இடத்தைக் காட்டும் கருவியாக இருந்தால் எங்கள் ஊருக்கு உதவியிருக்கும்.

ஒருநாள் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மனைவி அந்தக் கருவியைச் சிலிசிலி பிளாஸ்டிக் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வெளிநாட்டுச் சாமான். ஈரம் பட்டா கெட்டுப் போயிராது?"

டிவி ரிமோட்டுக்கும் எங்கள் வீட்டில் இதே மரியாதைதான். மச்சான் போனில் விசாரித்தான். "சத்தமே இல்ல மச்சான்," என்றேன். அவனுக்குப் பரம திருப்தி.

பிறகு நானே நிபுணனானேன். டேங்கில் சாயம் கலந்தால் கசியும் இடம் தெரியும் என்று போனில் ஒரு வீடியோ. தீபாவளி லட்டுக்கு வாங்கிய கேசரிப் பவுடர் மிச்சமிருந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பும்போது கீழ்வீட்டு வாசலில் கூட்டம். மேட்டின் அடியில், பாறை இடுக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாறைக்குக் குங்குமம், செவ்வந்திப்பூ, சூடம். மாரியம்மன் திருவிழா நெருங்கும் நேரம் வேறு.

"ஆத்தா மஞ்சத் தண்ணியா எறங்கி வந்திருக்கா தம்பி!" என்றார் அக்கா.

கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஏறினேன்.

"பைப்ப ஒட்டுங்க," என்றாள் மனைவி. "ஆத்தா கோவிச்சுக்கிட்டா பொங்கல் வச்சு சமாதானம் பண்ணலாம். மேடு கோவிச்சுக்கிட்டா?"

அந்த வாரமே மழை பிடித்தது. சமையலறைத் தரையில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. குடையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது எங்க டேங்குத் தண்ணி. மஞ்சள் நான் போட்ட கேசரிப் பவுடரு. பைப்ப ஒட்டாட்டி மேடு ஒங்க தலையிலதான் விழும்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கம்பக்கத்தில் யாருமில்லை.

"தெரியும் தம்பி. மஞ்சளுக்கு முந்தியே அங்க தண்ணி ஊறுது. அதுலதான் ஒல வைக்கிறேன். ஊர்ப் பொதுப் பீலிக்குப் போயி தண்ணி சொமக்க இந்த மொழங்காலு கேக்க மாட்டேங்குது. மஞ்சளப் பாத்ததும், நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க, இனி அடைச்சிருவீங்கன்னு வெளங்கிருச்சு. அதான் குங்குமத்த வச்சேன். ஆத்தாவ யாரு அடைப்பா?"

"மேடு விழுந்திருந்தா?"

"அது விழுற அன்னைக்குத்தானே விழும். தண்ணி தெனமும் வேணுமே."

எனக்கு வெட்கமாக இருந்தது. மேலேயும் கீழேயுமாக இத்தனை காலம் வாழ்ந்தும், அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் உடைந்த பைப்பை வெட்டி ஒட்டினோம். டேங்கிலிருந்து ஒரு ஹோஸை இறக்கி, அந்தப் பாறையோரம் ஒரு குழாயும் வைத்தேன். அக்கா திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் குங்குமத்தை எடுத்துவந்து குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"இருக்கட்டும் தம்பி. நாளைக்கு நீங்களே கழட்டிட்டுப் போயிரக் கூடாதுல்ல."