டர்போ காருக்கு வலை கட்டி முல்லைத்தீவு போன கதை

கடந்த மாசி மாதம், காலபோக நெல் அறுவடை முடிகிற நாட்களில், உருத்திரபுரத்திலிருந்து முல்லைத்தீவுக்கு என் மகள் சுகந்தியின் காரில் போய்வந்தேன். தூரம் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீற்றர். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்துக்கு நான்கு மணி நேரம் போனது. அறுவடைக் காலத்தில் சின்ன டர்போ காரில் இந்தப் பாதையால் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் படித்தவன். தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறேன். நேரம் எடுக்கிறது, ஆனால் நல்ல சந்தோசம்.

போன காரணம் ஒரு கலியாண எழுத்து, அதாவது பதிவு. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் மரியதாஸ் என் கூட்டாளி. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாளின் கீழ் இருந்தன. அவருடைய மூத்த மகளின் எழுத்துக்கு என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கேட்டார்கள். அப்போது எனக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும். சபையில் பெருவிரலில் மை பூசக் கூச்சமாக இருந்தது. வயிற்றுவலி என்று சொல்லி விலகிவிட்டேன். இளையவள் ஸ்டெல்லா அதைப் பிடித்துவிட்டாள். "பெரியப்பா, என்ர எழுத்துக்கு வயித்துவலி வரக்கூடாது" என்றாள். அதன் பிறகுதான் வாசிகசாலையில் நடந்த மாலை வகுப்புக்குப் போனேன்.

இது அவளுடைய எழுத்து. பதினொரு மணிக்குப் பதிவாளர் வீட்டுக்கு வருவார். அவருக்கு வேறு ஊரிலும் ஒரு எழுத்து இருந்தபடியால் அதிகம் காத்திருக்க மாட்டார். நான் போய்ச் சேராவிட்டால் மாப்பிள்ளையின் மாமா எனக்குப் பதிலாகப் போடுவார் என்று பேச்சு.

எங்கள் பக்கத்தில் அறுவடைக்கு உழவு இயந்திரம் இறக்கும்போது, ரேடியேட்டருக்கு முன்னால் கட்டிலில் கட்டும் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டுவோம். பதரும் வைக்கோல் தூசியும் உள்ளே போகாது. சுகந்தியின் காருக்கும் அறுவடை தொடங்கிய கிழமையே ஒரு துண்டு கட்டிவிட்டிருந்தேன். கார் வடிவு கெடக்கூடாது என்று முன் பம்பருக்கு உள்ளே, வெளியே தெரியாமல் கட்டினேன். அவளுக்குச் சொல்லவில்லை. அப்பா செய்கிற சின்ன உதவிதானே.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். கிளிநொச்சி தாண்டி, பரந்தன் சந்தியில் வலது பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. தார் வீதியின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மற்றப் பாதியால் வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போய்வந்தன. முன்னால் போகிற லொறி பதரைக் கிளப்ப, எங்கள் கண்ணாடியில் மழை போல விழுந்தது. நான் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். முன்பெல்லாம் பேருந்தில் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் இடம் அறிவேன். "தர்மபுரம்" என்று சத்தமாக வாசித்தேன். "ஓமப்பா, தெரியும்" என்றாள் சுகந்தி.

விசுவமடு தாண்டியதும் அவளுடைய குரல் மாறியது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட ஏறியிருந்தது. உடனே ஏசியை நிறுத்தி, ஒரு மர நிழலில் காரை ஒதுக்கினாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிப் பொனெற்றைத் தூக்கச் சொன்னேன். உழவு இயந்திரத்துக்கு அப்படித்தானே செய்வோம்.

"அப்பா, அந்த மூடியில கை வையாதேங்கோ. திறந்தா கொதிதண்ணி முகத்திலதான் அடிக்கும்."

"அப்ப என்ன, கும்பிட்டுக்கொண்டு நிக்கிறதோ?"

"கும்பிடுங்கோ. ஆனா தள்ளி நிண்டு கும்பிடுங்கோ."

எஞ்சினை உடனே நிறுத்தாமல் விட்டாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, முள்ளும் இறங்கத் தொடங்கியது. டர்போ கடுஞ்சூட்டில் இருக்கும்போது திடீரென்று நிறுத்தினால் அதற்குள் இருக்கும் எண்ணெய் கருகிவிடும் என்றாள். முள் சிவப்புக்குள்ளேயே போயிருந்தால் நிறுத்தத்தான் வேண்டுமாம். முள் நடுவுக்கு வந்த பிறகு நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். பக்கத்து வெள்ளைப் போத்தலில் கூலன்ற் அளவாக இருந்தது. கீழே ஒழுக்கு இல்லை. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், பெரிய செலவு. எங்களுடையது சுத்தமாக இருந்தது.

மறுபடி ஓடினோம். அறுபதில் போனால் முள் ஏறியது. முப்பதுக்குக் குறைத்தால் அப்படியே நின்றது. நின்றால் இறங்கியது. சூட்டை எஞ்சினிலிருந்து இழுக்க ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளைத் திறந்துவிட்டாள்.

"உன்ர காருக்குக் காய்ச்சல், வேர்க்கிறது எனக்கு" என்றேன். "டர்போ இல்லாத கார் வாங்கச் சொன்னனான்."

"நீங்கள் கார் வேண்டாம், லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் வாங்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்."

புதுக்குடியிருப்பு வர மணி பத்தேகால். இன்னும் இருபது கிலோமீற்றர் இருந்தது. வீதியோரக் கராஜ் ஒன்றில் நிறுத்தினோம். அதை நடத்துகிறவர் நிஸார், தண்ணீரூற்று ஊர்க்காரர். கேட்டவுடன் "தெர்மோஸ்டாட் இறுகியிருக்கும், கழற்றிவிட்டாச் சரி. இரண்டு மணித்தியாலம்" என்றார். ஸ்டெல்லாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சுகந்தி விடவில்லை. "தெர்மோஸ்டாட் எண்டா நிண்டாலும் ஏறவேணுமெல்லோ நிஸார் நானா? இது நிண்டா இறங்குது, ஓடினாத்தான் ஏறுது."

நிஸார் தாடியைத் தடவினார். "அது நல்ல கேள்வி தங்கச்சி. அப்ப காத்தைப் பாப்பம். ஒரு பேப்பர் தாங்கோ."

என் சேர்ட் பையில் ஒரு தாள் இருந்தது. வழியில் கை பழக, என் பெயரை அதில் பலமுறை எழுதியிருந்தேன். அதைக் கொடுத்தேன். எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுற்றும்போது, காரின் முன்வாய்க்கு நேரே தாளைப் பிடித்துக் கையை எடுத்தார். விசிறி காற்றை உள்ளே இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். என் தாள் நிலத்தில் விழுந்தது. இன்னொரு தரம் பிடித்தார். மறுபடியும் விழுந்தது.

அவர் குனிந்து, பம்பருக்குள் விரலை விட்டு இழுத்தார். பாய் போல ஒன்று வந்தது. என் நுளம்பு வலைதான். வலைக் கண்கள் தெரியாமல் பதர் அடைந்து தடித்திருந்தது.

"இது ஆர் கட்டினது?" என்றார். முடிச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா வயல் கமம் செய்யிற ஆளோ?" என்றார்.

"ஓம்."

"முடிச்சே சொல்லுது."

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காரின்ர மூக்கில துணி கட்டிப்போட்டு, டர்போவைக் குறை சொல்லிக்கொண்டு வாறார்."

உழவு இயந்திரத்தில் வலை வெளியே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் தட்டுவோம். காரில் நான் உள்ளே கட்டிவிட்டு மறந்துபோனேன். கிளிநொச்சிக்கு மட்டும் மெதுவாகப் போய்வந்த நாட்களில் அது தெரியவில்லை. நிஸார் விளங்கப்படுத்தினார்: "டர்போ காத்தை அமத்தித்தான் எஞ்சினுக்குக் குடுக்கும். அமத்தினாக் காத்து சுடும். அதை ஆத்த இன்டர்கூலர். பிறகு ஏசிக்கும் காத்து வேணும், ரேடியேட்டருக்கும் வேணும். மூண்டுக்கும் வாசல் ஒண்டுதான் ஐயா."

கொம்பிறசர் காற்றை உள்ளிருந்து வெளியே அடித்தார். பதர் பறந்து மூன்று பேரும் தும்மினோம். பிறகு தாளைப் பிடித்தார். படக்கென்று ஒட்டியது. என் பெயர் வரிசை வரிசையாகக் காரின் முகத்தில் தெரிந்தது.

"இது ஆற்ற கையெழுத்து?"

"என்ர. இண்டைக்குத்தான் முதல் தரம் சபையில போடப் போறன். பதினொரு மணிக்கு."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போதே பதினொன்றாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. "அப்ப ஏன் நிக்கிறியள்? காசைத் திரும்பி வரேக்க தாங்கோ."

ஒடுக்கமான வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த பேருந்துக்காகக் காத்து நின்றோம். இரண்டு பக்கமும் வெயிலில் தண்ணீர் மினுங்கியது. முள் நடுவிலேயே நின்றது. அறுபதில் ஓடியும் அசையவில்லை.

மரியதாஸ் வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொன்றரை. மாப்பிள்ளையின் மாமா பேனையைக் கையில் எடுத்திருந்தார். ஸ்டெல்லா என் வேட்டியில் ஒட்டியிருந்த பதரைப் பார்த்தாள். "வயித்துவலியோ பெரியப்பா?"

"இல்லைப் பிள்ளை. காருக்குத்தான் மூச்சுமுட்டல்."

மாமா சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினார். பொன்னையா என்று எழுதத் தொடங்கினேன். மேலே புள்ளி வைக்கும் இடத்தில் பேனையை நிறுத்தி, இன்னொரு தரம் பார்த்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவசரமில்லை, ஆறுதலா எழுதுங்கோ ஐயா" என்றார் பதிவாளர். ஆறுதலாகவே எழுதினேன்.

இந்தப் பாதையால் வருகிறவர்களுக்குச் சில விடயங்கள். சூடு ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள், சுடச்சுட மூடியைத் திறக்க வேண்டாம். ஓடும்போதா நிற்கும்போதா ஏறுகிறது என்று கவனித்து வையுங்கள், மெக்கானிக் கேட்பதற்கு முன் அதைச் சொல்லுங்கள். ஓடும்போது ஏறினால் காற்று போகிற வழியைப் பாருங்கள். ஒரு தாள் போதும். காருக்கு வலை கட்ட வேண்டாம். பரந்தனுக்கும் விசுவமடுவுக்கும் இடையில் லொறியின் பின்னால் நெருங்கி ஓடாமல் இடைவெளி விட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது நிஸாருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாவும் கலியாணப் பலகாரப் பொதியும் கொடுத்தோம். காசை எண்ணாமல் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: "எழுதியாச்சோ ஐயா?"

"எழுதியாச்சு."

"அப்ப கார் சரி" என்றார்.