அக்கா சொன்ன சாட்சி

என் தம்பியைத் தெருவில் எல்லாரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தேய்க்கும் கடையில் பதினாறு வருடம். வீட்டில் போடுகிற பனியனுக்குக்கூட மடிப்பு எடுத்துத்தான் போடுவான். ஒருமுறை பஸ்ஸில் முன்னால் நின்ற யாரோ ஒருவரின் கசங்கிய காலரை நீவிவிட்டு அடி வாங்கப் பார்த்தான். அசடுதான். ஆனால் கள்ளம் தெரியாத அசடு.

அவனுக்கு எட்டு வருடம் சிறை. தேய்த்த சட்டைகளை ஒரு நாலாவது மாடி வீட்டுக்குக் கொண்டுபோனான். கதவைத் திறந்தது போலீஸ். ஒரு சட்டைப்பையில் போதை மாத்திரைப் பொட்டலம் இருந்தது. சட்டைக்காரன் ஓடிவிட்டான், இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டவன் தலையில் எல்லாம் விடிந்தது. முதல் வக்கீல் அவனிடம் ஒன்றுதான் சொன்னார்: “கோர்ட்ல வாயத் திறக்காத.” அவனும் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அப்பீலை எடுத்து நடத்த ஒரு வக்கீலம்மா கிடைத்தார். கோர்ட் காகிதக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சட்டையக் கொண்டுபோனார், பையில மாத்திரை இருந்துச்சு. ரெண்டும் உண்மை. ஆனா அது இருக்கறது அவருக்குத் தெரியும்னு போலீஸ் தரப்புல ஒருத்தர்கூடச் சொல்லலம்மா. தெரியாம கொண்டுபோனா குத்தமே இல்ல. சாட்சியம் பத்தாதுன்னு வாதாடப் போறேன்.”

“அப்ப வந்துருவானா?”

அவர் கட்டைப் பிரித்தார். இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினார். தம்பிக்காக நான் கூண்டேறிச் சொன்ன சாட்சி. ‘என் தம்பி யோக்கியன். எல்லாப் பையிலும் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு சட்டையைத் தேய்க்க மாட்டான். கிழிந்த பஸ் டிக்கெட் இருந்தாலும் எடுத்துவைத்து, தேய்த்து முடித்ததும் அதே பையில் போட்டுத்தான் கொடுப்பான்.’

படித்ததும் தாள்களைத் திருப்பித் தள்ளினேன். “இத எடுத்துட முடியாதா?”

“எடுக்கவும் முடியாது, புதுசா எதையும் சேர்க்கவும் முடியாது. கீழ்க்கோர்ட்டுல யாரும் இத கவனிக்கல. மேலயும் கண்ணுல படாம இருந்தா நம்ம நல்ல நேரம்.”

அப்பீல் அன்று இரண்டு நீதிபதிகள். வக்கீலம்மா நன்றாகவே பேசினார். பெரியவர் இரண்டு தரம் தலையாட்டினார். ஒல்லியாக இருந்தவர் மட்டும் நிமிரவேயில்லை. விரலை ஈரப்படுத்தி, ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கட்டு அவருக்கு இடது பக்கம் உயர உயர என் சாட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. புரட்டிக்கொண்டே போய்விடு சாமி என்று மனசுக்குள் கெஞ்சினேன். விரல் நின்றது.

“உங்க தரப்பு சாட்சியே சொல்லியிருக்காங்களே,” என்று நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். நான் அவனைப் புகழ்ந்தது அந்த அறையில் கோள் சொன்ன மாதிரி கேட்டது.

“பொட்டலத்தப் பார்த்திருக்கலாம், ஐயா. அது என்னன்னு தெரிஞ்சிருக்கணும்னு இல்லையே?” என்றார் வக்கீலம்மா.

“அப்ப என்னன்னு நெனச்சாராம்? எங்கயாவது சொல்லியிருக்காரா?”

வக்கீலம்மா காகிதங்களைப் பார்த்தார். அவற்றில் அவன் சொன்னதாக ஒரு வரி இல்லை. அப்பீல் தள்ளுபடியானது.

அந்த வாரம் சிறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். “அந்தப் பையில கை விட்டியாடா?”

“விட்டேன்க்கா. மாத்திரை இருந்துச்சு. யாருக்கோ உடம்பு முடியல போல, வேளைக்குப் போடணுமேன்னுதான் அன்னைக்கு அந்த வீட்டுத் துணிய மொதல்ல தேய்ச்சு எடுத்துட்டு ஓடினேன்.”

“இத ஏண்டா சொல்லல?”

“வக்கீல் பேசாதன்னார். அப்புறம் யாரும் கேக்கல. நீயும் கேக்கலியேக்கா.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.