இனித்த மாத்திரை

தம்பியைப் பட்டினி போடலாம் என்ற யோசனை எனக்குத் தோன்றியபோது, அவன் என் ஸ்கூல் ஸ்கேலைவிடக் குட்டையாக அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தான். எனக்குப் பத்து வயது. இடம், சிட்லபாக்கத்தில் பெரியம்மா வீட்டு மொட்டைமாடி. எதிரே பெரியம்மா மகள், பத்தாவது படிக்கிற அக்கா, தன் சயின்ஸ் புத்தகத்தில் இருந்த ஸ்டேப்ளர் பின்களைக் காம்பஸ் முனையால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கங்களைப் பின் போட்டு மூடச் சொன்னது அவளுடைய மிஸ்ஸேதான். மனித இனப்பெருக்கப் பாடம் வந்ததும், “இத வீட்ல நீங்களே படிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டாராம். பின் போடாத எந்தப் பாடத்தையும் நாங்கள் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அதுவரை என் கணக்கில், அம்மா சாப்பிட்ட இட்லிக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கோதான் குழந்தை உட்கார்ந்திருந்தது. அக்கா படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். அது இரைப்பை இல்லை, கர்ப்பப்பை, தனி அறை. அம்மாவிடமிருந்து ஒரு கருமுட்டை, அப்பாவிடமிருந்து ஒரு விந்தணு, இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு செல். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, கடைசியில் கை கால் முளைத்து என் அம்மாவின் மடியை அடைத்துக்கொள்ளும் வரைக்கும் வந்துவிடுகிறது.

“இந்த டியூப் பாரு, தொப்புள்கொடி. அம்மா சாப்பிடறதுல இருக்கற சத்து ரத்தத்துல கலந்து, இது வழியாதான் பாப்பாவுக்குப் போகும்.”

“எல்லாமேவா?”

“எல்லாமேதான்டி. உன் மாம்பழமும்தான்” என்று சிரித்தாள்.

சரியான இடத்தில் குத்தினாள். அந்த வருஷம் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மாம்பழமெல்லாம் அம்மாவுக்கே நறுக்கப்பட்டது. எதிர்வீட்டு ஆன்ட்டி டப்பா நிறைய பிரியாணி கொண்டுவந்து, “வயித்துல இருக்கற புள்ளைக்கு” என்று அம்மா கையில் கொடுத்தார். வயிற்றுக்கு வெளியே இருந்த பிள்ளை பக்கத்திலேயே தட்டோடு நின்றது. அம்மாவின் மடியில் தலை வைத்தால், “பாத்து, பாத்து” என்று அப்பா என்னைத் தூக்கி எடுப்பார். பத்து வருஷம் நான் மட்டுமே ஆண்ட மடி அது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்தபோதெல்லாம், “இந்த வாட்டியாச்சும் பையனா பொறக்கட்டும்” என்றார். போன வாட்டி பிறந்த நான் அவர் பக்கத்திலேயே முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். மொட்டைமாடிப் படிப்பு முடிந்து வந்த மறுநாள் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

“அது அம்மா கையில இல்ல அத்தை. எக்ஸ் குரோமோசோமா, ஒய்யான்னு உங்க தம்பிதான் குடுக்கணும்.”

அத்தைக்குக் காபி புரையேறியது. அப்பா, கையிலேயே இருந்த பேப்பரை வீடு முழுக்கத் தேடினார். அம்மா மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனும் சேர்ந்து குலுங்கியிருப்பான் என்று நினைத்ததும் எனக்கு வெற்றி கசந்துபோனது.

டாக்டர் அம்மாவுக்குச் சிவப்பு நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அம்மாவே கொடுத்த வேலை. “நம்ம பாப்பாவுக்கு நீதான் நர்ஸ்” என்றாள். மாத்திரை என்றாலே அம்மாவுக்குக் குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தொண்டைக்குள் எறிந்து, மடமடவென்று தண்ணீர் குடிப்பாள்.

கண்ணை மூடுகிறாள் என்பதுதான் என் திட்டத்தின் ஆதாரம். தெருமுனைக் கடையில் சர்க்கரை பூசிய வண்ண மிட்டாய் விற்றது. சிவப்பை மட்டும் பொறுக்கி ஜியாமெட்ரி பாக்ஸில் சேர்த்தேன். மாத்திரை செம்பருத்தித் தொட்டிக்குள் போனது. மிட்டாய் அம்மாவின் தொண்டைக்குள் போனது. கொடி வழியாக அவனுக்கு இனி ஒன்றும் போகாது, அலுத்துப்போய்த் திரும்பிப் போய்விடுவான் என்று நம்பினேன். எங்கே திரும்பிப் போவான் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை.

ஒன்றரை மாதம் ஓடியது. அம்மா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் வளர்ந்துகொண்டே போனான்.

செக்கப்புக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை; நானும் அம்மாவும் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, ரத்தம் இவ்ளோ கொறஞ்சிருக்கு? மாத்திரை டெய்லி போடறீங்களா, இல்லையா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“நான்தான் டாக்டர், அப்பப்போ மறந்துடறேன்.”

“இது மறக்கற விஷயமா? படிச்சவங்கதானே நீங்க?” அவர் விடாமல் திட்டினார். அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

“பாப்பாவுக்கு எதாவது...?”

“பாப்பா நல்லா இருக்கு. அது தனக்கு வேணுங்கறத உங்ககிட்டேர்ந்து எப்படியும் எடுத்துக்கும். உங்களுக்குத்தான் மிச்சம் இல்ல.”

அந்த ஒரு வரி அக்காவின் புத்தகத்தில் இல்லை. ஒன்றரை மாதமாக நான் பட்டினி போட்டது அம்மாவை.

அன்றே இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கருஞ்சிவப்பாகச் சொட்டிய அந்த மருந்தை நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஊசி குத்தாத கையை நீட்டி என் ஜடையைப் பிடித்து இழுத்தாள்.

“நேத்து மாத்திரை இனிச்சுதுடி.”

முந்தின ராத்திரி என் கை வியர்த்து, மிட்டாயின் சாயம் கரைந்து ஒட்டியிருந்தது. அது அம்மாவின் நாக்கிலும் ஒட்டியிருக்கிறது. நான் அழ ஆரம்பித்தேன்.

“ஷ்ஷ். எத்தன நாளா?”

சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “அப்பாவுக்குத் தெரிய வேணாம்” என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலக் குரல் வந்தது: “நர்ஸம்மா, மாத்திரை எங்க?” நடந்ததை அம்மா அதற்குள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நிஜ மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே விழுங்கினாள். எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அவன் மேல்தான். என் அம்மாவைச் சாப்பிட்டு வளர்கிறவன், திருடன் என்று. அவனுக்கு முன்னால் அதே அறையில், அதே மாதிரி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைச் சாப்பிட்டுத்தான் நானும் ஆளானேன் என்பது உறைக்கவே இல்லை. அம்மா ஏன் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்பதும்தான்.

இப்போது நான் பொத்தேரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன், தொப்புள்கொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற படிப்பு. தம்பி எட்டாவது. என்னைவிட உயரம். மாம்பழத்தில் கதுப்பு இன்றும் அவனுக்குத்தான் போகிறது, கொட்டைதான் எனக்கு. வயிறு இன்றும் எரிகிறது.

நேற்று அவன் சயின்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். நான்கு பக்கங்கள் சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருந்தன. “சார்தான் அடிக்கச் சொன்னாரு. என்னக்கா இருக்கு அதுல?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். காம்பஸ் தயார். பின்னை எடுத்து, ஒரு செல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கொடி வந்ததும் நிறுத்தி, அந்த ஒன்றரை மாதத்தையும் சொல்லிப் பார்க்கப் போகிறேன். நம்ப மாட்டான். அதற்காகத் தெருமுனைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, சிவப்பை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன்.