பூசைக்கு முன் ஒரு ஸ்டேடியம்

ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் எந்த முக்கில் நின்று பார்த்தாலும் நான் மார்பிள் போட்ட கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், சவூதியின் தம்மாமில் கல் சுமக்கும் ஹெல்பராக இறங்கியவன், இன்று அங்கேயே சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து, ஒரு சைட்டில், என் ஆட்கள் முன்னாலேயே ஓர் எகிப்து எஞ்சினியர் சொன்னான்: ரோமில் ஒரு பழைய ஸ்டேடியம் இருக்கிறதாம், முழுக்க வெள்ளை மார்பிளாம், அதைப் பார்க்காதவன் மார்பிளைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாதாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவிக்கும் ரோம் வேண்டியிருந்தது, ஆனால் காரணம் வேறு. அவள் குவைத்தின் ஃபஹாஹீலில் நர்சாக இருந்தபோது எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். பிள்ளை பிழைத்தால் ரோமாபுரிப் பெரிய கோயிலில் ஒரு பூசை காண்பதாக அன்றைக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் கடற்கரைப் பக்கம் எல்லோரும் பக்கத்து ஊர் மாதாவுக்கு நேர்வார்கள். இவள் நேரே ரோமுக்கே நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்து, படித்து, வேலைக்குப் போய், அவளே எங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். இரண்டு நாள் பயணம். முதல் நாள் விமானத் தாமதத்திலேயே போயிற்று. மறுநாள் மாலை ஐந்து மணிப் பூசை ஒன்றுதான் மிச்சம். அதற்கு அடுத்த விடியலில் ஊர் திரும்ப வேண்டும்.

"மத்தியானம் சும்மாதானே கெடக்கோம். ஸ்டேடியத்த ஒரு பார்வ பாத்துட்டு கோயிலுக்குப் போவோம்" என்றேன்.

"பூசைக்குப் பிந்தக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் என்னைக்குளா பிந்தியிருக்கேன்?"

என் மனைவி பாஸ்போர்ட், பணம், என் போன் எல்லாவற்றையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்சி எங்களை ஒரு வெள்ளைத் தூணின் முன்னால் இறக்கிவிட்டது. மினாரா உயரம் இருக்கும். அந்தக் காலத்தில் நாட்டை ஆட்டிவைத்த சர்வாதிகாரி, இளவட்டங்களைத் தேற்றிச் சண்டைக்கு அனுப்புவதற்காக இந்த மைதானங்களைக் கட்டினாராம். புறப்படும் முன்பே மகள் போனில் படித்துச் சொல்லியிருந்தாள். அவருடைய பெயரைத் தூணில் ஆள் உயர எழுத்தில் வெட்டியிருந்தார்கள்.

"அந்தாள் என்ன ஆனான்?" என்று கேட்டாள் என் மனைவி.

"சொந்த சனமே சுட்டுப் போட்டுட்டாம்."

"பொறவு இந்தத் தூண எதுக்கு வச்சிருக்காவ?"

"கல்லு நல்ல கல்லுளா."

தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல்லில் படம் போட்டிருந்தார்கள். நான் மண்டியிட்டு ஜாயின்ட் பார்த்தேன். வேலை சுத்தம். என் ஆட்களைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

அதைத் தாண்டினால் அந்த ஸ்டேடியம். படிக்கட்டு முழுக்க மார்பிள். மேலே சுற்றிவர மார்பிள் ஆண்கள், ஒவ்வொருவனும் இரண்டாள் உயரம். ஒருவன் கையில் பந்து, ஒருவன் கையில் வில். உடம்பில் துணி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

"இவ்வளவு கல்லு வாங்குன மனுசனுக்கு ஆளுக்கு ஒரு முழத் துணி வாங்க வக்கில்லையா?"

"இது கலைளா."

"அந்தக் குத்துச்சண்டைக்காரனப் பாருங்க. கைக்கு மட்டும் பத்திரமா உறை மாட்டியிருக்கான்."

பிறகு அவள் சிலைகளுக்கு முதுகு காட்டி, படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். நான் வேலையில் இறங்கினேன்.

கல்லைக் கண்ணால் பார்ப்பவன் கஸ்டமர். நாங்கள் காதால் பார்ப்போம். மோதிரக் கையால் தட்டினால் நல்ல கல் கிண்ணென்று பேசும்; உள்ளே விரிசலோ ஒட்டுப்போட்ட இடமோ இருந்தால் சத்தம் செத்துவிடும். முதல் சிலையின் பாதத்தைத் தட்டினேன், கிண்ணென்றது. மூன்றாவதின் குதிகால் பொத்தென்றது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. இதை அந்த எகிப்துக்காரனிடம் சொல்ல வேண்டாமா? ஒன்றில் குறை கண்டவன் மற்றதைத் தட்டாமல் வரலாமா?

"நேரமாகுது" என்றாள்.

"இந்தா, அந்த ஈட்டிக்காரன் வரைக்கும்."

ஈட்டிக்காரனுக்கு அடுத்தவன் ஓர் ஓட்டக்காரன். அவன் பீடத்தில் ஒரு காலை வைத்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தார். "மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை என்று அரபியில் சொன்னேன். புரியவில்லை. இந்தியில் சொன்னேன். அதுவும் புரியவில்லை. இரண்டும் தெரியாமல் ஒரு மனிதர் எப்படித்தான் பிழைக்கிறாரோ. சரி, செய்தே காட்டுவோம் என்று முழங்காலை இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

நடப்பதையெல்லாம் என் மனைவி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன்.

"ஏளா, பாஸ்போர்ட்டக் கொண்டா. நான் யாருன்னு இவருகிட்டச் சொல்லு."

மேலே வந்தாள். பாஸ்போர்ட்டைக் காவலாளியிடம் கொடுத்தாள். தன் கடிகாரத்தைக் காட்டி, கும்பிடுகிற மாதிரி கைகளைச் சேர்த்து, பிறகு என்னைச் சுட்டி, உள்ளங்கையைத் தரை நோக்கி அமுக்கிக் காட்டினாள். இவர் இங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். இவ்வளவு நேரம் நான் பேசியது ஒன்றும் புரியாத மனிதருக்கு அது மட்டும் உடனே புரிந்தது. சிலுவை போட்டு அவளை வழியனுப்பினார்.

வாசலில் தண்ணீர் பாட்டில் விற்ற ஒரு வங்காளதேசத்துக்காரனிடம் அவள் இந்தியில் பேசுவது தெரிந்தது. அவன் கடையை அப்படியே விட்டுவிட்டு, அவளைப் பஸ்ஸில் ஏற்றப் போனான்.

காவல் அறையில் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காப்பியும் தந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஓட்டக்காரனின் முழங்காலைப் பார்த்துவிட்டு, கீறல் ஏதும் இல்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்தால் தண்ணீர்க்காரன் காத்திருந்தான்.

"ச்சலோ பாய். பாபி உங்களக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான் இந்தியில். பாபி, அதாவது அண்ணி, என்றது என் மனைவியை.

தம்மாமில் வேலை பார்த்தவனாம். ஆற்றோரமாக நடத்திக் கூட்டிப்போனான். வழியெல்லாம் என் கதையைச் சொன்னேன். ஆச்சரியப்பட்டிருப்பான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே போகப் பார்த்தேன். இன்றைக்கு இனி இல்லை என்று கையை ஆட்டினார்கள். ரோம் வரை போயும் பெரிய கோயிலுக்குள் காலெடுத்து வைக்காதவன் எங்கள் ஊர்ப் பங்கிலேயே நான் ஒருவன்தான். இதிலும் என்னை முந்த ஆளில்லை.

அவள் கண்கள் சிவந்து, முகம் தெளிந்து வந்தாள்.

"பூசை எப்படி இருந்துச்சு?"

"ஒரு வார்த்த வெளங்கல. அழுது தீத்துட்டேன்."

"எனக்காவ வேண்டிக்கிட்டியா?"

அவள் செபமாலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள போன பொறவு உங்க ஞாவகமே வரல."

பொய் சொல்லத் தெரியாதவள். கோபம் வரவில்லை, பசிதான் வந்தது. தண்ணீர்க்காரனிடம் சொல்லிக்கொண்டு, அவள் வலப்பக்கத் தெருவில் திரும்பினாள்.

"ஓட்டலுக்கு வழி தெரியுமாளா?"

"பேசாம வாங்க."

நான் அவள் பின்னால் போனேன்.